ஏழாம் கேள்வி

பேராசிரியரின் இடது கையில் பழைய விடைத்தாள். வலது கையில் பேனா.

எதிரே சுபேதார் கோதண்டம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்தக் கடைசிக் கோட்டுல சார். ஒரே ஒரு கையெழுத்து."

மேசையில் கிடந்த சாட்சித் தாளில், கோட்டுக்கு மேலே தட்டச்சில் இரண்டு வரி. 'கேப்டன் பிரிட்டோவுக்குச் சரியான விடை பயிற்சியிலேயே கற்பிக்கப்பட்டது. தெரிந்தே மீறியிருக்கிறார்.'

ஆள் இருக்கிற வீட்டைப் பார்த்துச் சுடச் சொன்னார்கள். பிரிட்டோ மாட்டேன் என்றான். இன்று ராணுவ விசாரணை.

கையெழுத்து விழுந்தால் அவனுக்குச் சிறை.

ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் பத்தொன்பது வருடமாகப் போர் அறம் நடத்துகிற தத்துவப் பேராசிரியர் அவர். துப்பாக்கியைத் தொட்டது ஒரே ஒரு முறை. ஆயுதபூஜைக்குச் சந்தனம் வைக்க.

ஓய்வுக்கு இன்னும் இருபது நாள். சால்வை வாங்கியாயிற்று என்று கேள்வி.

மூன்று புத்தகம் எழுதியிருக்கிறார். மூன்றாவதை மனைவியே படிக்கவில்லை. அச்சுப்பிழை திருத்தியவர் படித்திருக்கலாம். பிழைகளைப் பார்த்தால் அதுவும் சந்தேகம்தான்.

ஏழாம் கேள்வி: கட்டளை தவறு என்று பட்டால் என்ன செய்வீர்கள்?

சரியான விடை, இரண்டாவது. முதலில் கீழ்ப்படிவேன், பிறகு எழுத்தில் புகார் கொடுப்பேன்.

அது தேர்வுக் குழுவின் விடை. அவருடையது இல்லை. மறுத்து ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். 'ஆவன செய்க' என்று யாரோ கிறுக்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. டீ வந்துவிட்டது.

கையிலிருக்கும் இந்தப் பழைய தாளில் பிரிட்டோ நான்காவதைக் குறித்திருந்தான். மறுப்பேன்.

கேள்விக்கு நேரே சிவப்பில் பெருக்கல் குறி. சாட்சாத் அவர் போட்டதேதான்.

நூற்றைம்பது தாளை ஒரே மாலையில் திருத்திவிட அவரிடம் ஓர் அட்டை உண்டு. சரியான விடை வரும் இடத்தில் மட்டும் ஓட்டை. தாளின் மேல் வைத்தால் போதும். ஓட்டைக்குள் குறி தெரிந்தால் மதிப்பெண்.

மற்றதெல்லாம் அட்டைக்கு அடியில்.

இன்றுதான் அட்டை இல்லாமல் பார்க்கிறார்.

ஓரத்தில் பென்சில் எழுத்து. பொடியாக. தமிழில்.

'சார், உங்க மூணாவது புத்தகம், 212ஆம் பக்கம் வேற மாதிரி சொல்லுதே. நான் புத்தகத்தை நம்புறேன்.'

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதில் தூசி ஒன்றும் இல்லை. இருந்தாலும் துடைத்தார்.

"மேலிடத்து உத்தரவு சார். பதினொண்ணுக்குள்ள தாளைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்."

பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். விடைத்தாளை மடித்து எடுத்துக்கொண்டார்.

"கோதண்டம், விசாரணைக்குப் போற வண்டியில இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா?"

சுபேதார் கையெழுத்தில்லாமல் கிடந்த கோட்டைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். முகத்தில் எதையும் காட்டாமலிருக்க இருபத்தெட்டு வருடம் சம்பளம் வாங்கியவர்.

"முன்னாடி உக்காந்துக்குங்க சார்," என்றார். "பின்னாடி ரொம்பத் தூக்கிப் போடும்."