கரப்பான்

குழந்தை வீறிட்டது.

அவள் பதறவில்லை. தலையில் வெந்நீர் விழுந்தால் அழாத பிள்ளை உண்டா. முப்பது வருஷமாக அந்தப் பக்கத்துத் தெருக்களில் பிறக்கிற குழந்தைகளையெல்லாம் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறவள். எந்த அழுகைக்கு எது காரணம் என்று கேட்டால் சொல்லிவிடுவாள்.

இது வேறு அழுகை.

பின்கட்டில் மணைமேல் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டையும் நீட்டி, சேலையைத் தொடைவரை சுருட்டி. குழந்தை குப்புறக் கிடந்தது. அதன் வயிறு அவள் முட்டின்மேல்.

அள்ளித் திருப்பினாள்.

வயிறும் தொடையும் சிவந்து தடித்திருந்தன.

அப்போதுதான் அந்த வாடை ஏறியது. வெந்நீர் பட்டுக் கிளம்பிய களிம்பு வாடை. அவள் முட்டிலிருந்து.

மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். தரையில் உட்காரவே கூடாது என்றார். என்ன வேலை பார்க்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மருந்துக்கடையில் எரிகிற களிம்பு ஒன்று கொடுத்தார்கள். ராத்திரி தடவிக்கொண்டு படுப்பாள். இன்று காலையில் கட்டிலை விட்டு இறங்கவே முடியவில்லை. இரண்டு முட்டிலும் அப்பிக்கொண்டாள். கிளம்பும்போது பழைய துணியால் துடைத்தாள்.

துடைத்தது போதும் என்று நினைத்தாள்.

இரண்டு செம்பு தண்ணீரைக் குழந்தைக்கு ஊற்றினாள். மூன்றாவதைத் தன் முட்டில் ஊற்றிக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை. தட்டில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. வேறு எந்த வாடையும் எட்டாது.

கோமதி வந்து எட்டிப் பார்த்தாள். பேரனின் வயிற்றைப் பார்த்ததும் முகம் மாறியது.

"கரப்பான் தடிப்புல்லா இது."

மருமகள் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, என்னத்தத் தின்ன?"

வினோதினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்துப் பத்தொன்பது நாள். தாயில்லாதவள். தலைப்பிரசவத்துக்குப் போக அவளுக்கு வேறு வீடு கிடையாது.

"நீங்க குடுத்ததத்தான் அத்தே தின்னேன்."

"அப்போ நான்தான் கரப்பான் பண்டம் குடுத்தனோ? நல்லா இருக்கே கத."

கோமதிக்குச் சாட்சி வேண்டியிருந்தது.

"நீயே சொல்லுக்கா. ஊருப்பட்ட பிள்ளயப் பாத்தவ நீ. தாய்க்காரி வாயக் கட்டலன்னா பிள்ளைக்கு இப்பிடி வருமா, வராதா?"

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான்.

சொன்னால் இந்த வீடு போகும். சாயங்காலத்துக்குள் தெருவே போகும். முட்டு போனவள் மடியில் பச்சைப்பிள்ளையை யார் போடுவார்கள்.

"வரும்" என்றாள்.

பொய் இல்லை. வரும்தான்.

வினோதினி அவளையே பார்த்தாள். பிறகு எதையோ தேடுகிறவள் மாதிரித் தரையைப் பார்த்தாள். கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள்.

"முந்தாநாள் சாம்பார்ல ஒரு துண்டு கத்தரிக்கா கெடந்துச்சு. பீர்க்கங்கான்னு நெனச்சுத் தின்னுட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள்.

குளிப்பாட்டியவள் குழந்தைக்குத் தலை துவட்டினாள். புகை காட்டினாள். கை தன் பாட்டுக்கு வேலை பார்த்தது. வினோதினிக்கு இனி மிளகு ரசமும் சோறும் மட்டும்தான் என்று கோமதி முடிவு செய்தது காதில் விழுந்தது. நாற்பது நாளைக்கு.



ராத்திரி களிம்பைத் தொடவில்லை.

விடிந்ததும் முட்டு இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். மூன்று தடவை. தோல் எரிகிறவரைக்கும்.

மணையில் உட்காரும்போது கண் இருட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இது எனக்கு வேண்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

குழந்தை அழவில்லை. கால்மேல் கிடந்து கொட்டாவி விட்டது.

வயிற்றில் ஒரு தடிப்பும் இல்லை. தொடை வெளுத்துவிட்டது.

கோமதி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது ஜெயித்த முகம்.

"பாத்தியா. ஒருநாப் பத்தியம். பட்டுன்னு போயிருச்சு."

துண்டில் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வினோதினி போகவில்லை.

"எம்புத்தியத்தான் செருப்பால அடிக்கணும் யக்கா" என்றாள். "பிள்ள என்னமா அழுதான். இனி நீங்க சொல்றது எதுவோ, அதத்தான் வாயில வைப்பேன்."

மணையில் இருந்தவளுக்கு முகம் கூசியது.

பின்கட்டில் இரண்டு பேர்தான். இப்போது சொல்லலாம். இவளிடம் மட்டுமாவது.

எழுந்து நின்று சொல்லவேண்டும் என்று நினைத்தாள். இதை உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடாது.

சுவரில் கையை ஊன்றினாள். முட்டு மடங்கவில்லை. மணையை நகர்த்திவிட்டு ஒருக்களித்துப் பார்த்தாள். ஈரத்தரையில் உள்ளங்கை வழுக்கியது. திரும்பவும் ஊன்றினாள்.

வினோதினி பார்த்துக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்தபடியே அவள் வாயைத் திறந்தாள்.

"கையக் குடு தாயி."

வயிற்றுத் தையலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வினோதினி மறு கையை நீட்டினாள்.