பக்கத்துக் குடித்தனம்

‘இதோ, இப்ப நின்னுடும்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள் ஸ்வர்ணலதா.

நின்றது. மடிக்கணினித் திரையில் அவள் விற்கும் தாம்பூலப் பைகள் பாதி தெரிந்தும் தெரியாமலும் உறைந்துபோக, நடுவில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி.

“பார்த்தீங்களா அஸ்வத்? வாராவாரம் இதே கூத்து” என்றான் மகன் ஸ்ரீஹரி. “போன வாரம் வடபழனி கல்யாண ஆர்டர் ஒண்ணு கைநழுவிப் போச்சு.”

இணையதளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் ஆழ்வார்பேட்டைக் கம்பெனியிலிருந்து வந்திருந்த அஸ்வத், காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

“மேடம், உங்க சைட் இருக்கிறது ஷேர்டு ஹோஸ்டிங். உங்க மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனம் மாதிரி. ஒரே சர்வர்ல நிறைய பேர். வாடகை கம்மி. பூட்டு, ரிப்பேர், காவல் எல்லாம் எங்க பொறுப்பு, உங்களுக்குத் தலைவலியே இல்ல. ஆனா குழாய் ஒண்ணுதான். ஒரு வீட்ல விருந்துன்னா மத்த வீட்ல தண்ணி சொட்டும்.”

“வாராவாரம் விருந்து வைக்கிற அந்த மகராசி யாரு?”

“பேர் சொல்லக்கூடாது சார். புடவை விக்கிறாங்க. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் புதுசு போடுவாங்க, ஏழு மணிக்குள்ள ஒண்ணு பாக்கி இருக்காது. நெசவாளர்கிட்ட போறது, போட்டோ எடுக்கிறது, பார்சல் கட்டுறது, எல்லாம் தனி ஆளா. ஆரம்பிச்சப்ப ஈ, காக்கா வரல. இப்ப எங்க சர்வரே மூச்சு வாங்குது!”

ஸ்ரீஹரி சிரித்துவிட்டான். “கெட்டிக்காரிதான். அவ புருஷன் குடுத்து வச்சவன்.”

ஸ்வர்ணலதா மகனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மறுபடியும் வட்டத்தை. ஆரம்பத்தில் அதைப் பார்க்க எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போதெல்லாம் அது எவ்வளவு நேரம் சுற்றுகிறதோ அவ்வளவு நிறைவாக இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை சட்டென்று தளம் திறந்துவிட்டபோது, அங்கே கூட்டம் வரவில்லையோ என்று மனசு அடித்துக்கொண்டதை யாரிடம் சொல்ல?

“தனி சர்வருக்குப் போங்கன்னு சொல்லிட்டோம். தீபாவளி முடிஞ்சதும் போறேன்னு டைம் கேக்கிறாங்க” என்றான் அஸ்வத். “சார் மெயில் மேல மெயில் போட்டுட்டார். ஆனா கணக்கு உங்க பேர்ல இருக்கு மேடம். புகார்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, விதிப்படி அவங்களை நாளைக்கே காலி பண்ண வச்சிடுவோம்.”

“காலி பண்ணினா அவ கடை?”

“வேற இடத்துக்கு எல்லாத்தையும் மாத்துற வரைக்கும் மூடித்தான் கிடக்கும். தீபாவளி வியாபாரம் போயிடும். கடன் வாங்கி நெய்யக் குடுத்திருக்காங்களாம், பாவம்.”

“அது அவ கவலைம்மா” என்றான் ஸ்ரீஹரி. “பாவ புண்ணியம் பார்த்துண்டு வியாபாரம் பண்ண முடியுமா? சொல்லிடு.”

இருவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஸ்வர்ணலதா மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

“வேண்டாம்.”

“என்னம்மா?”

“தீபாவளி வரைக்கும் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம், நான் போன்லயே ஆர்டர் எடுத்துக்கறேன்.”

“முன்னே பின்னே தெரியாத ஒருத்திக்காக உன் வியாபாரத்தைக் கெடுத்துக்கப் போறியா?”

“தெரியாதவ இல்லைடா. நான் கட்டிண்டிருக்கிற இந்தப் புடவையே அவகிட்ட வாங்கினதுதான்.” மடியில் சுருங்கியிருந்த கடுகு நிறப் பருத்தியை நீவிவிட்டாள். குரல் உயரவில்லை. “எனக்கு இந்த சைட்டை அமைச்சுக் குடுத்ததும் அவதான், இந்தாத்து மாட்டுப்பொண்ணா இருந்தப்போ. தீபிகா ஒரு தடவை காலி பண்ணிண்டு போனது போறும்.”