கால் கிலோ

இரண்டாவது இட்லி தட்டில் விழுந்த வேகத்திலேயே திரும்பிப் போனது. வைத்துக்கொண்டவன் சிவசங்கர். எடுத்தவள் அவன் அம்மா கனகம்.

"ஒண்ணு போதும். காலைல மெஷின்ல கால் கிலோ ஏறி நின்னது மறந்துபோச்சா?"

"பசிக்குதும்மா."

"பசிக்கத்தான் செய்யும். பசிக்குது பசிக்குதுன்னு தின்னுதானே நூத்தி இருபத்தெட்டுக்குப் போன?"

பதினாலு மாதத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியில் அவன் இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கினார்கள். முதலில் பசி என்பதே தெரியாமல் எடை மளமளவென்று இறங்கி அறுபதில் வந்து நின்றது. இப்போது பசி திரும்பிவிட்டது. ஆனால் அறுபதுக்கு மேல் ஓர் இம்மி ஏறவும் அம்மா விடுவதில்லை.

சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. தொங்கும் வயிற்றுத் தோலை மடித்து பனியனுக்குள் திணித்துக்கொள்வான். மைன்ஸில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன் வேலை. சித்திரை வெயிலில் எல்லோரும் வேர்த்து வழிகிற இடத்தில் அவனுக்கு மட்டும் குளிரும். இன்று ஏணியில் பாதி ஏறும்போதே கண் இருட்டிவிட்டது. கீழே நின்றவர்கள் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வெளியில் எங்காவது தின்றுவிட்டு வரலாம்தான். ஆனால் காலையில் மெஷின் முள் கொஞ்சம் ஏறினாலும் அன்றைக்கு முழுக்க கனகம் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். அவளைப் பட்டினி போட்டுவிட்டு அவனுக்கு மட்டும் தொண்டையில் இறங்குமா?

குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க கனகத்துக்கு நல்ல பெயர். மூன்று வருடத்துக்கு முன் மூத்த மகன் செல்வத்தை வடலூர் ரோட்டில் பைக் விபத்துக்குப் பறிகொடுத்தவள். சின்ன வயதிலிருந்தே குண்டாக இருந்த சிவா, அந்தத் துக்கத்தில் கண்டதையும் தின்றுதான் அப்படி ஊதினான். 'இருக்கிற ஒண்ணையாவது காப்பாத்திக் குடுங்க' என்று டாக்டர் காலில் விழாத குறையாக நின்றவளும் இவள்தான். பெத்தவள் என்றால் இவளல்லவா என்று மெச்சாத ஆள் இல்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள். சிவா சுவரைப் பிடித்துக்கொண்டே போய்த் திறந்தான். எதிர் குவார்ட்டர்ஸ் அன்புக்கரசி, ரிட்டையரான நர்ஸ், "ஐயோ" என்று ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"என்ன ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்லப்பா. திடீர்னு வந்து நின்னியா, ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. எனக்கு இன்னும் பழகல." நெஞ்சைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தாள். "மயக்கம் போட்டுட்டியாமே, எங்க ரிப்போர்ட்?"

மேசையிலிருந்த காகிதத்தை எடுத்துப் படித்தவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன கனகம் இது? ரத்தமும் இல்ல, சத்தும் இல்ல. கால் பாரு, வீங்கிகினு கெடக்குது. ஒரு நாளைக்கு ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட்டே ஆகணும்னு எழுதியிருக்காங்க. அஞ்சாறு கிலோ ஏறினாத்தான் புள்ள பொழைக்கும்."

"அஞ்சாறு கிலோவா?" கனகம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏறட்டும், ஒண்ணும் ஆவாது. சிவா, முட்டை அவிச்சு எடுத்துகினு வந்திருக்கேன். இப்பவே ஒண்ணு சாப்பிடு. மெதுவா, நல்லா மென்னு."

டப்பாவை மேசையில் வைத்துவிட்டு அன்புக்கரசி போனாள். கதவு சாத்தியதும் கனகம் டப்பாவை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"குடும்மா."

"வேணாம்."

"ஆன்ட்டி சொன்னது கேட்டுச்சுல்ல? டாக்டரே எழுதிக் குடுத்துருக்காரும்மா."

"மாத்திரை வாங்கித் தரேன். ஊசி போட்டுக்கலாம். சாப்பாடு மட்டும் வேணாம்."

சிவாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்தான். முப்பது வயதில் ஒரு முட்டைக்காக அம்மா காலைப் பிடித்துக் கெஞ்ச வேண்டிவரும் என்று எவன் நினைப்பான்?

"செத்துடுவேம்மா. நெஜமாவே செத்துடுவேன். அண்ணன வாரிக் குடுத்தது பத்தாதா? என்னையும் குடுக்கப் போறியா?"

கனகத்தின் முந்தானையிலிருந்து டப்பா நழுவி விழுந்து திறந்துகொள்ள, முட்டைகள் தரையில் உருண்டன. அவளும் இறங்கி அவன் எதிரில் உட்கார்ந்தாள். ஒட்டிப்போன கன்னங்களை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

புருவம், மூக்கு, எடுப்பாகத் தெரிந்த தாடை எலும்பு என்று ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். கண்ணீர் கொட்டியது. ஆனால் அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சின்ன வயதில்கூட அம்மா தன்னை இவ்வளவு ஆசையாகப் பார்த்து சிவாவுக்கு ஞாபகம் இல்லை.

அம்மா மனசு இளகிவிட்டது என்று நினைத்தான். பக்கத்தில் கிடந்த முட்டையை மெல்ல எடுத்தான்.

கனகம் அவன் மணிக்கட்டைப் பதமாகப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் செல்வம். சாப்பிட்டா நீ மறுபடியும் சிவா ஆயிடுவ."