லேஸ் கட்டும் மனிதர்

"யாருங்க இந்த ஆளு? மூணு போட்டோவிலயும் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டிருக்காரு!"

விமான நிலைய மேலாளர் அம்மா போட்ட சத்தத்தில் அறையே கப்சிப்.

'விமான நிலையத்தில் அன்றாடம்' என்று அமெச்சூர் புகைப்படக்காரர்களுக்கு ஒரு போட்டி. வந்து குவிந்தவை இருநூற்றுச் சொச்சம் படங்கள். பாதியில் விமானத்தின் வால். மீதியில் வாயைப் பிளந்து தூங்கும் பயணிகள். பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன நேரத்தில்தான் இந்த மூன்றும் சிக்கின.

எடுத்தவர் ஒரு கணக்கு டீச்சர். மூன்று விடுமுறை நாட்கள் வந்து, வழியனுப்ப வந்தவர்களோடு கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று எடுத்திருந்தார்.

ஒவ்வொரு படத்திலும் சக்கர நாற்காலியில் ஒரு பயணி. ஒன்றில் வயதானவர், ஒன்றில் காலில் மாவுக்கட்டுப் போட்ட பெண், ஒன்றில் கழுத்துப் பட்டை மாட்டிய அம்மாள். ஆனால் நாற்காலி தள்ளுபவர் மட்டும் ஒரே ஆள். ஒரு முழங்கால் தரையில், இரண்டு கையும் ஷூவில்.

"போட்டோ பரவால்ல மேடம்" என்றார் நடுவராக வந்திருந்த ஸ்டுடியோக்காரர். "ஆனா வெளியே நிக்கிறவங்க முகமெல்லாம் கண்ணாடியில விழுந்திருக்கு. கத்துக்குட்டி வேலை."

"போட்டோவை விடுங்க சார். ஆளு யாருன்னு சொல்லுங்க."

சூப்பர்வைசர் முன்னால் வந்தார். "எங்க ஆளுதான் மேடம். 'ரெண்டு நிமிஷம்'னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. பல வருஷமா எந்தப் பயணியைக் கூட்டிட்டுப் போனாலும் அந்தக் கண்ணாடிகிட்ட ரெண்டு நிமிஷம் லேட். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். இன்னிக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கிற லிஸ்ட் போகுது. பேரை அடிச்சிடட்டுமா?"

"முதல்ல வரச் சொல்லுங்க."

வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். சீருடையில் ஒரு சுருக்கம் இல்லை.

"இது நீங்கதானே?"

"நான்தான் மேடம்."

"என்ன பண்றீங்க?"

"லேஸ் அவுந்துடுச்சு மேடம். கட்டறேன்."

"இந்தப் படத்துல?"

"அன்னிக்கும் அவுந்துடுச்சு மேடம்."

"மூணாவது படத்துல?"

அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஏங்க, ஃப்ளைட்டுக்கு நேரமாகுது. நாற்காலியில ஒருத்தர் தவிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. உங்களுக்கு லேஸ்தான் முக்கியமா? வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் மேடம். வீட்டுல என் ஒருத்தன் சம்பளம்தான்."

சூப்பர்வைசர் பட்டியலை விரித்துப் பேனா மூடியைத் திறந்தார்.

அதுவரை படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டுடியோக்காரர், சட்டென்று நிமிர்ந்தார்.

"ஒரு நிமிஷம் சார். பயணி தவிக்கிற மாதிரி தெரியலையே. மூணு பேருமே கையாட்டிட்டிருக்காங்க. கண்ணாடியில விழுந்திருக்கிற முகங்களும் திருப்பிக் கையாட்டுது." பிறகு நாற்காலி தள்ளுபவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, அந்தக் காலைக் கொஞ்சம் முன்னாடி வைங்க."

அவர் தயங்கித் தயங்கி வைத்தார்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அப்படியே காலை நுழைத்துப் போடும் ஷூ. விமான நிலையமே சீருடையோடு சேர்த்துக் கொடுத்தது. அதில் லேஸே கிடையாது.

"இல்லாத லேஸை எதுக்குங்க தினமும் கட்டறீங்க?" மேலாளரின் குரல் இறங்கியிருந்தது.

"நடந்து போறவங்க நாலு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கறாங்க மேடம். நாற்காலியில போறவங்களுக்கு அது முடியுமா? நாம திருப்பி நிறுத்தினாத்தான் உண்டு. அந்தக் கண்ணாடியைத் தாண்டிட்டா வீட்டு ஆளுங்க முகம் தெரியாது. அதான் திருப்பி நிறுத்திட்டு நான் குனிஞ்சுக்குவேன்."

"அதைச் சொல்லிட்டே நிறுத்தலாமே?"

"அங்க நிறுத்தக் கூடாதுன்னு பாதுகாப்புப் பிரிவோட ரூல் மேடம். ஆனா, லேஸ் அவுந்திருந்தா கட்டாம நாற்காலி தள்ளக் கூடாதுன்னும் ஒரு ரூல் இருக்கு."

ஸ்டுடியோக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்க நிக்கிற காவலர் கேக்க மாட்டாரா?"

"அந்த நேரத்துல மட்டும் அவர் வேற பக்கம் பார்த்துக்குவாரு மேடம்." பிறகு அவசரமாகச் சொன்னார்: "ஆனா என்னால இதுவரைக்கும் ஒருத்தர்கூட ஃப்ளைட்டை விட்டதில்ல. அந்த ரெண்டு நிமிஷத்தை நீளமான நடைபாதையில வேகமா தள்ளிப் பிடிச்சிடுவேன். பயணிக்குக் குலுங்காது."

இத்தனை வருஷமாக ஒரு மனிதர் பேச்சு வாங்கிக்கொண்டே இதைச் செய்திருக்கிறார் என்று நினைக்கையில் மேலாளருக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஸ்டுடியோக்காரர் மதிப்பெண் தாளை இழுத்தார். "அந்தக் கத்துக்குட்டி வேலைக்குத்தான் மேடம் முதல் பரிசு. ஷூ தெரியாம படத்தைக் கொஞ்சம் வெட்டி மாட்டிக்கலாம்."

சூப்பர்வைசர் சத்தமில்லாமல் பேனாவை மூடினார். "அப்போ மேடம், இந்த லேஸ் விஷயம்...?"

"அதுக்கு நடவடிக்கை எடுத்தே ஆகணும்" என்றார் மேலாளர்.

நாற்காலி தள்ளுபவரின் முகம் வெளிறியது.

மேலாளர் ஃபோனை எடுத்தார். "ஸ்டோர்ஸா? நாற்காலி தள்ளற அத்தனை பேருக்கும் புது ஷூ வாங்கணும். ஆமா, லேஸ் வெச்சதுதான். லேஸ் நல்லா நீளமா இருக்கட்டும்."