காயாத சிப்பாய்

பழங்காலப் போர்வீரர்களின் ஈயப் பொம்மைகளை வாங்கி, பிரைமர் அடித்து, எண்ணெய் வண்ணம் தீட்டுவது என் பொழுதுபோக்கு. பொம்மை உள்ளங்கை உயரம்தான்; ஆனால் காய ஆறு நாள் எடுத்துக்கொள்ளும். என் மனைவிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மூன்றாம் நாளே கட்டைவிரலால் பொம்மையின் சட்டையை அமுக்கிப் பார்த்து, "இன்னும் காயலீங்க" என்பாள். நாற்பது வருஷம் இதற்காகவே சண்டை போட்டோம்.

அவள் இறந்துபோன மறுமாதம் முரசடிக்கும் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை தீட்டி, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மூன்றாம் நாள் அவன் முதுகில் கட்டைவிரல் ரேகை இருந்தது. குறுக்கே, அவள் விரலில் இருந்த பழைய கத்தித் தழும்பும் இருந்தது.

"நீங்களே தொட்டிருப்பீங்கப்பா. அக்ரிலிக் வாங்கித் தரேன், அரை மணியில காஞ்சிடும்" என்றாள் மகள்.

"வாயை மூடு" என்றேன். அவளிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை.

மற்ற சிப்பாய்களையும் தீட்டி வைத்துப் பார்த்தேன். அவர்களை யாரும் சீந்தவில்லை. அதனால் இவனுக்கே வாராவாரம் புதுச் சட்டை; மூன்றாம் நாள் தவறாமல் ரேகை விழும். அறுபது பூச்சுக்குப் பிறகு கை, கழுத்து, முரசு எல்லாம் சிவப்புக்குள் போய்விட்டன. தழும்பு மட்டும் தெளிவாக இருக்கிறது.

மகள் இப்போது அக்ரிலிக் பேச்சை எடுப்பதில்லை. நேற்று சிவப்பு எண்ணெய் வண்ண டியூப் ஒன்றோடு வந்தாள். அலமாரியைத் திறந்து, ரேகைக்குப் பக்கத்தில் தன் கட்டைவிரலை மெல்ல வைத்து எடுத்தாள்.

"இன்னும் காயலப்பா" என்றாள்.