வெல்லக்கட்டி வைத்தியம்

“பிரம்பில்லாம எவனும் திருந்தமாட்டான்” என்று பள்ளி நிர்வாகி செங்கோடன் வேலைக்கே உலை வைப்பதாக மிரட்டியும், சேலத்தில் பயிற்சி முடித்துப் புதிதாக வந்த அர்த்தநாரி வாத்தியார் மசியவில்லை. மனித சுபாவமே பழக்கம்தான். நல்லது செய்தால் உடனே வெல்லம், அடம்பிடித்தால் திரும்பியே பார்க்காதீர்கள் என்று தாய்மாருக்குச் சொல்லியனுப்பினார்.

மறுமாதம் அந்தத் தாய்மாரில் ஒருத்தி, உண்ணாமலை வந்தாள். “நீங்க சொன்னாப்பல வெல்லங் குடுத்தேனுங்க. எங்கூட்டுச் சாமி இப்பத் தட்டத்தை வீசறதே இல்லீங்க. செருப்பைக்கூட வாசல்லயே உடறதுங்க.”

“நாளைக்கு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வாராருங்க. சாமியைக் கூட்டியாங்க, காட்டலாம்” என்றார் வாத்தியார்.

அந்த ஊர்ப் பேச்சில் பிள்ளையும் சாமிதான், பெரியவரும் சாமிதான். மறுநாள் அவள் கூட்டிவந்தது மாமனார் செங்கோடனை.

“பிரம்புதானுங்க மருந்து” என்று இன்ஸ்பெக்டரிடம் முழங்கிக்கொண்டே அவர் செருப்பை வாசலில் கழற்றினார். பிறகு, பழக்கதோஷத்தில், மருமகளிடம் கையை நீட்டினார்.