காடைக்குப் பின்னால் ஒருவன்

காடையின் பின்னால் எதிரி விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

அவள்தான் முதலில் பார்த்தாள். பார்த்தவர் சொல்ல வேண்டும். அது அந்த விமானச் சண்டை விளையாட்டு அணியின் முறை.

அணியில் எல்லாருக்கும் பறவைப் பெயர். அவள் மைனா. தலைவன் ராஜாளி; கணினியை அணைத்துவிட்டால் தூத்துக்குடி ஜெரால்டு. ஆபத்து என்றால் முதலில் பறவையின் பெயர், அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது. அவ்வளவுதான். வெறுமனே "பின்னாடி, பின்னாடி" என்று கத்தக் கூடாது. ஒரு புண்ணியவான் அப்படிக் கத்தப்போய், ஆளாளுக்குத் திரும்பி, எதிரிக்கு வேலையே வைக்காமல் தங்களுக்குள் மோதிக்கொண்டார்கள்.

உறவு சொல்லியும் கூப்பிடக் கூடாது.

"மேல ஏறிட்டா மச்சானும் கிடையாது, மாமனும் கிடையாது. பறவைதான்" என்பான் ஜெரால்டு.

காடை அவளுடைய மாமனார்.

மாமனாராக இருந்தவர் என்று சொல்ல வேண்டும். போன மாதம் விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டது.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கால் முறிந்து கட்டிலில் கிடந்தபோது, பொழுது போகட்டும் என்று அவள்தான் இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தாள். அவர் மகன் அந்த அறைப் பக்கம் எட்டியும் பார்க்க மாட்டான். பருந்து, கழுகு எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "நாம காடையா இருந்துட்டுப் போவோம்மா. அதுவும் கொஞ்சம் பறக்கும்ல" என்றார்.

கொஞ்சம்தான் பறந்தார்.

நீதிமன்ற வராந்தாவில் அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாப்பிட்டாரா என்று கேட்க நினைத்தாள். இனி அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கேட்காமலேயே படியிறங்கிவிட்டாள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் காடை வந்துவிடுகிறது. மைக்கைத் திறப்பதில்லை. யாராவது எச்சரித்தால் பேசாமல் திரும்பிக்கொள்கிறது. மற்ற நேரமெல்லாம் மைனாவுக்குச் சற்றுப் பின்னாலேயே பறக்கிறது.

மைனாவும் திருச்சியில் தனியாக எடுத்த வீட்டிலிருந்து தவறாமல் வருகிறாள். அவள் பிரிந்து வந்தது அவர் மகனை விட்டு. இந்த மனிதரையும் சேர்த்து விட்டுவிட்டு வா என்று யார் சொன்னார்கள்?

இன்று மற்றவர்கள் எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தார்கள். சொல்வதற்கு அவளைத் தவிர ஆள் இல்லை.

எதிரி நெருங்கிவிட்டான். இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

காடை என்று சொன்னால் போதும். யோசித்துப் பார்த்தால் அந்த முறை அவளுக்காகவே செய்தது மாதிரி இருந்தது. உறவும் வேண்டாம், வழக்கும் வேண்டாம்.

மைக்கை அழுத்தினாள்.

"மாமா! பின்னாடி வர்றான்! லெஃப்ட்ல திருப்புங்க மாமா!"

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது.

முகம் சூடேறியது. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. ஜெரால்டு ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள்.

காடை திரும்பவில்லை.

நேராகவே போய்க்கொண்டிருந்தது. செவிடன் காதில் சங்கு ஊதிய கதையாக, அப்படியே, கைப்பிடியில் ஆளே இல்லாதது போல.

எதிரி சுட்டான். இறக்கை பற்றிக்கொண்டது. காடை கடலில் விழுந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. விளையாட்டில் விழுந்ததற்கு யாராவது அழுவார்களா? அவள் அழுதாள். என் குரலுக்குத் திரும்பக்கூட அவருக்கு மனம் இல்லையே என்றுதான் அழுதாள்.

"காடை சார்," என்றான் ஜெரால்டு. "கேக்கலையா? அவங்க கரெக்டாத்தானே சொன்னாங்க."

மைக் திறக்கும் சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"கேட்டுச்சு தம்பி. நல்லாவே கேட்டுச்சு."

அவர் குரலுக்குப் பின்னால் மின்விசிறிச் சத்தம் வந்தது. அந்த அறை மின்விசிறியின் சத்தம் அவளுக்குத் தெரியும்.

"அம்மாடி," என்றார். "இன்னொரு தடவ சொல்லும்மா."

அவருடைய விமானம் கடலுக்கடியில் போய்ச் சேர்ந்திருந்தது. இனி எந்தப் பக்கமும் திருப்ப வேண்டியதில்லை.

அவள் சொன்னாள்.